40 பி.பி.பி. காட்டிய பாட்டில் ஆறே வாரத்தில் ஏன் கெட்டது?

பிப்ரவரி 3, காலை 8.15 (கேள்வி)

எங்களுடையது சின்ன ப்ரூவரி. 330 மில்லி பாட்டில், பீர் நிரப்ப 12 தலை ஃபில்லர் இயந்திரம். பீரில் கரைந்த ஆக்ஸிஜனை அளக்கும், கையில் தூக்கிப் போகிற டி.ஓ. மீட்டர் ஒன்றும், மூடியைக் குத்தி பீரை எடுக்கும் பியர்சர் ஒன்றும் இருக்கின்றன. நிரப்பிய பாட்டிலில் 40 பி.பி.பி. (நூறு கோடியில் 40 பங்கு) காட்டுகிறது. 50-க்குக் கீழே இருந்தால் கவலை வேண்டாம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் ஆறு வாரத்தில் ஹாப்ஸ் பூவின் மணம் போய்விடுகிறது, நிறம் கொஞ்சம் கருக்கிறது, நனைந்த அட்டை மாதிரி ஒரு வாடை வருகிறது. மீட்டர் தப்பா? டி.பி.ஓ. அளக்கும் பெரிய கருவி வாங்கினால்தான் தெரியுமா?

பிப்ரவரி 3, இரவு 9.40

மீட்டர் சரியாகத்தான் இருக்கும். நீங்கள் அளந்தது பாதியை. டி.ஓ. மீட்டர் பீருக்குள் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனை மட்டும் சொல்லும். பீருக்கு மேலே, மூடிக்குக் கீழே ஒரு காலி இடம் இருக்கிறதே, ஹெட்ஸ்பேஸ், அதில் மாட்டிக்கொண்ட ஆக்ஸிஜன் அந்த 40-ல் சேரவே இல்லை. இரண்டும் சேர்ந்ததுதான் டி.பி.ஓ., அதாவது பாட்டிலுக்குள் இருக்கும் மொத்த ஆக்ஸிஜன். பீரைக் கெடுப்பது அந்த மொத்தம்.

எவ்வளவு காற்று இருந்தால் எவ்வளவு கெடுதல் என்பதை ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தால் பிறகு மறக்காது. 20 டிகிரியில் 1 மில்லி காற்றில் ஏறக்குறைய 0.28 மில்லிகிராம் ஆக்ஸிஜன் இருக்கிறது. அதை 330 மில்லி பீருக்குப் பங்கு போட்டால் லிட்டருக்கு 0.85 மில்லிகிராம், அதாவது 850 பி.பி.பி. ஒரே ஒரு மில்லி! சொட்டு மருந்துக் குழாயில் இருபது சொட்டு. பத்தில் ஒரு பங்கு மில்லி காற்று போனாலே 85 பி.பி.பி. ஏறிவிடும். 100-க்குள் மொத்தத்தை நிறுத்த வேண்டும், முடிந்தால் 50-க்குள் என்று எல்லோரும் பாடுபடுவது இந்தத் துக்கடா காற்றை எதிர்த்துத்தான்.

பிப்ரவரி 4, காலை 7.05

பெரிய கருவி இல்லாமலே மொத்தத்தைக் கண்டுபிடிக்கலாம். பாட்டிலைக் குலுக்க வேண்டும்.

மூடியைத் திறக்காமல், குத்தாமல், பாட்டிலைப் படுக்க வைத்து ஐந்து நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். ஷேக்கர் மெஷின் இருந்தால் நல்லது. இல்லையென்றால் கைதான். கண்ணாடி பாட்டில் என்பதால் தடித்த கையுறையும் முகம் முழுக்க மறைக்கும் கவசமும் கட்டாயம். இதில் அசட்டை வேண்டாம், குலுக்கும்போது பாட்டில் வெடித்ததை நான் பார்த்திருக்கிறேன். குலுக்கியதும் ஹெட்ஸ்பேஸில் இருக்கும் ஆக்ஸிஜனும் பீரில் இருக்கும் ஆக்ஸிஜனும் சமநிலைக்கு வந்துவிடும். நுரை அடங்கியதும் குத்தி, டி.ஓ. அளந்து, ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். அந்த எண்ணுக்கு இசட் என்று பெயர்.

இசட் எப்படி வருகிறது? ஆக்ஸிஜனுக்குத் தண்ணீரில் கரையப் பிடிக்காது. சமநிலையில் ஒரு மில்லி வாயுவில் இருக்கும் ஆக்ஸிஜன், ஒரு மில்லி பீரில் இருப்பதைப் போல சுமார் 30 மடங்கு. உங்கள் பாட்டிலில் ஹெட்ஸ்பேஸ் 15 மில்லி என்று வைத்துக்கொள்வோம். 15-ஐ 330-ஆல் வகுத்தால் 0.045. அதை 30-ஆல் பெருக்கினால் 1.36. ஒன்றைக் கூட்டினால் 2.36. அதுதான் உங்கள் இசட். குலுக்கிய பிறகு மீட்டர் 40 காட்டினால் மொத்தம் 94. குலுக்கின பிறகும் ஆக்ஸிஜனில் பாதிக்கு மேல் மேலேதான் உட்கார்ந்திருக்கிறது, பாருங்கள்.

ஹெட்ஸ்பேஸ் எத்தனை மில்லி என்பதை ஊகிக்காதீர்கள். நிரம்பிய பாட்டிலை எடை போட்டு, அப்புறம் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி மறுபடி எடை போட்டால் தெரிந்துவிடும்.

பிப்ரவரி 4, காலை 7.50

மேலே எழுதியதைத் திருத்த வேண்டும். 30 மடங்கு என்பது 20 டிகிரிக்கு. குளிர்ந்த பீரில் ஆக்ஸிஜன் கூடுதலாகக் கரையும், அதனால் அந்த மடங்கு குறையும். 4 டிகிரியில் சுமார் 22, 0 டிகிரியில் 20 சொச்சம். ஃபில்லரிலிருந்து சில்லென்று எடுத்து 4 டிகிரியிலேயே அளந்தால் உங்கள் இசட் 2.36 அல்ல, ஏறக்குறைய 2. எந்த வெப்பநிலையில் குலுக்கினீர்கள் என்பதை ஒவ்வொரு தடவையும் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். பாட்டில்களில் பாதி குளிர்ச்சி, பாதி அறை வெப்பம் என்று கலந்து அளந்துவிட்டு, ஃபில்லர் நாளுக்கு நாள் மாறுகிறது என்று நானே ஒரு மாதம் குழம்பியிருக்கிறேன். மாறியது பாட்டிலின் சூடுதான்.

பிப்ரவரி 6, இரவு 10.20

கேள்வி கேட்டவர், மீட்டரின் சென்சாரில் எது நல்லது, பழைய மெம்ப்ரேன் வகையா, ஒளியால் அளக்கும் புது வகையா என்று கேட்டிருக்கிறார். இதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவேன்.

மெம்ப்ரேன் வகைக்கு மூலம் லீலண்ட் கிளார்க் 1956-ல் வெளியிட்ட மின்முனை. அவர் அதைச் செய்தது இரத்தத்தில் ஆக்ஸிஜன் அளக்க. பிளாட்டினம் ஒரு பக்கம், வெள்ளி ஒரு பக்கம், நடுவே உப்புக் கரைசல், வெளியே மெல்லிய பிளாஸ்டிக் படலம். படலத்தின் வழியாக உள்ளே வரும் ஆக்ஸிஜனைப் பிளாட்டினம் தின்றுவிடுகிறது, தின்ற அளவுக்கு மின்சாரம் ஓடுகிறது. தின்கிறது என்பதுதான் முக்கியம். பீர் தொடர்ந்து ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஓட்டம் குறைந்தால் சென்சாருக்கு முன்னால் இருக்கும் பீரில் ஆக்ஸிஜன் வற்றிப்போய் எண் குறைவாக வரும். படலம் அழுக்கேறும், கரைசல் வலுவிழக்கும், படலத்தை மாற்றிய பிறகு நிலைப்பட நேரம் எடுக்கும். ஆனாலும் வேகமானது. நல்ல கைகளில் மிகத் துல்லியமானது. ஓர்பிஸ்பியர் மெம்ப்ரேன் சென்சார்களை வைத்துக்கொண்டு ப்ரூவரிகள் பல வருடம் ஓட்டியிருக்கின்றன.

ஒளி வகையில் ஒரு சின்னப் பொட்டு இருக்கும். அதில் சாயம். அதன்மேல் ஒளியைப் பாய்ச்சினால் சாயம் சிவப்பாக ஒளிரும். ஆக்ஸிஜன் மூலக்கூறு வந்து மோதினால் அந்த ஒளிர்வு சீக்கிரம் அணைந்துவிடும். எவ்வளவு சீக்கிரம் அணைகிறது என்பதைக் கருவி அளக்கிறது. ஸ்டெர்னும் வோல்மரும் 1919-ல் எழுதிய சமன்பாடுதான் இதற்கு அடிப்படை. இங்கே ஆக்ஸிஜன் செலவாவதில்லை, அதனால் ஓட்டத்தைப் பற்றி அவ்வளவு கவலை இல்லை. இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. ஆக்ஸிஜன் குறையக் குறைய ஒளிர்வு நீளும், சமிக்ஞை பெரிதாகும். நமக்கு வேண்டிய அடிமட்ட எண்களில்தான் இந்தச் சென்சார் மிகக் கூர்மையாக இருக்கிறது. மெம்ப்ரேன் வகையில் நேர்மாறு. ஆக்ஸிஜன் குறையக் குறைய மின்சாரம் தேய்ந்து, சென்சாரின் சொந்த மிச்ச மின்சாரத்தோடு கலந்துவிடும்.

இன்று புதிதாக வாங்குவதானால் ஒளி வகையைத்தான் வாங்கச் சொல்வேன். பொட்டுக்கும் ஆயுள் உண்டு, ஒவ்வொரு தடவை ஒளி படும்போதும் சாயம் கொஞ்சம் வெளிறும். நொடிக்கு ஒரு அளவு என்று எந்நேரமும் ஓட விடாமல், தேவையான போது மட்டும் அளந்தால் நீண்ட நாள் வரும்.

பிப்ரவரி 7, காலை 6.30

நேற்றுச் சொல்ல விட்டது: எந்த வகையானாலும், குழாய்களைக் கழற்றாமலே சூடான காஸ்டிக் சோடாவை ஓட்டிச் சுத்தம் செய்யும் சி.ஐ.பி. நேரத்தில் சென்சார் அளந்துகொண்டிருக்கக் கூடாது. அணைத்து வையுங்கள்.

பிப்ரவரி 9, இரவு 11.10

இந்த இழையிலேயே எனக்கு முக்கியமாகப் படுவதை இப்போது எழுதுகிறேன். சென்சாரைப் பற்றிப் பேசும் அளவுக்கு, பாட்டிலிலிருந்து சென்சார் வரை பீர் வரும் வழியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தப்பான எண்களில் பெரும்பாலானவை அந்த வழியில்தான் பிறக்கின்றன.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு நாள் எல்லாப் பாட்டிலும் 150-க்கு மேல் காட்டியது. முந்தின நாள் வரை 60, 70. ஃபில்லரைக் கழற்றினோம். வால்வு ரப்பர்களை மாற்றினோம். டேங்கிலிருந்து வரும் பம்ப் சீலை மாற்றினோம். இரண்டு நாள் நிரப்பல் நின்றது. கடைசியில் பார்த்தால், பியர்சருக்கும் மீட்டருக்கும் நடுவே இருந்த நைலான் குழாய் விரிசல் விட்டிருந்தது என்று யாரோ நல்லெண்ணத்தில் மாற்றியிருக்கிறார்கள். மாற்றிப் போட்டது சிலிக்கான் குழாய். சிலிக்கான் மென்மையானது, கையாள எளிது, பார்க்கவும் சுத்தமாக இருக்கும். ஆனால் ஆக்ஸிஜன் அதன் சுவர் வழியாகச் சர்வ சாதாரணமாக உள்ளே வரும். உள்ளே அழுத்தம் இருக்கிறதே, வெளிக்காற்று எப்படி வரும் என்று அன்றைக்கு எல்லோரும் என்னைக் கேட்டார்கள். பீரின் அழுத்தம் வேறு, ஆக்ஸிஜனின் அழுத்தம் வேறு. வெளியே 21 விழுக்காடு ஆக்ஸிஜன், உள்ளே கிட்டத்தட்ட எதுவுமில்லை. அது தன் வழியில் வந்துகொண்டே இருக்கும்.

அதைக் கண்டுபிடித்த விதத்தைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும். ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்தேன், எண் ஏறியது. கூட்டினேன், இறங்கியது. மெதுவாகப் போனால் பீர் குழாயில் அதிக நேரம் இருக்கிறது, அதிக ஆக்ஸிஜன் சேர்கிறது. ஒளி வகை மீட்டரில் ஓட்டத்தைக் குறைக்கும்போது எண் ஏறினால், கசிவு பாட்டிலுக்கும் மீட்டருக்கும் நடுவே. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். நாங்கள் இரண்டு நாள் இழந்தோம்.

அப்புறம் குமிழி. பீர் சென்சாருக்கு வரும்போது அழுத்தம் இறங்கிவிட்டால் கார்பன் டை ஆக்சைடு குமிழியாகப் பிரியும். ஆக்ஸிஜனும் அந்தக் குமிழிக்குள் ஓடிவிடும் (வாயுவில் இருக்கத்தான் அதற்குப் பிடிக்கும் என்று 4-ம் தேதி பார்த்தோமே). எண் குறைவாக வரும், குதிக்கும். இதற்கு வழி, ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வை மீட்டருக்குப் பின்னால் வைப்பது. முன்னால் வைத்தால் சென்சார் இருக்கும் இடத்தில் அழுத்தம் விழுந்துவிடும். நிறையப் பேர் முன்னால்தான் வைத்திருக்கிறார்கள். தெளிவான குழாய் போட்டு, சென்சாரைத் தாண்டும் பீரில் குமிழி தெரிகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

முதலில் வரும் பீர் குழாயில் இருக்கும் காற்றைத் துடைத்துக்கொண்டு வரும். எண் மேலிருந்து இறங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிற்கும். அந்த நின்ற எண்தான் எண். 330 மில்லி பாட்டிலில் விரயம் செய்ய நிறைய பீர் கிடையாது, அதனால் குழாய் குட்டையாக, மெல்லியதாக இருக்கட்டும்.

பிப்ரவரி 10, பிற்பகல் 1.15

பழைய காஸ்டிக் ப்யூரெட் முறையைப் பற்றி இன்னொருவர் கேட்டிருக்கிறார், அவரிடம் ஜாம் அண்ட் நேகல் குத்தும் கருவி சும்மா கிடக்கிறதாம்.

நான் தொழில் கற்றது அதில்தான். பாட்டிலைக் குத்தி, குலுக்கி, வெளியே வரும் வாயுவைக் காஸ்டிக் சோடா கரைசல் நிரம்பிய ப்யூரெட்டுக்குள், அதாவது அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாய்க்குள், விடுவோம். கார்பன் டை ஆக்சைடைக் காஸ்டிக் உறிஞ்சிக்கொள்ளும். மிச்சம் மேலே ஒரு குட்டிக் குமிழியாக நிற்கும். அதை மில்லியில் படித்து 'காற்று' என்று எழுதுவோம். எனக்குக் கற்றுக்கொடுத்த மூத்தவர் கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு படிப்பார்.

ஆனால் அது காற்றா என்று ப்யூரெட்டுக்குத் தெரியாது. நைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் அது பிரிக்காது. டேங்கில் இருக்கும் பீரை நைட்ரஜன் போட்டுத் தள்ளினால் எல்லாமே 'காற்று' ஆகிவிடும். பத்தில் ஒரு பங்கு மில்லி 85 பி.பி.பி. என்று பார்த்தோம், அவ்வளவு சின்னதை அந்தக் கோடுகளில் படிப்பதும் கடினம். இன்றைய இலக்குகளுக்கு அது போதாது. டைட்ரேஷன் செய்யும் விங்க்ளர் முறை (1888) தண்ணீருக்கு அருமையானது, பீரின் நிறமும் அதிலுள்ள பொருள்களும் அதைக் குழப்பிவிடும், இந்த அளவுக்கு எட்டவும் எட்டாது.

பிப்ரவரி 13, காலை 9.00

கேட்டவர் எண்களோடு வந்திருக்கிறார். ஹெட்ஸ்பேஸ் எடை போட்டுப் பார்த்ததில் 15 மில்லியேதான். 4 டிகிரியில், குலுக்காமல் 40, குலுக்கியபின் 92. இசட் 2 என்றால் மொத்தம் 185 பக்கம். அதில் 40 பீரில், 145 ஹெட்ஸ்பேஸில். 145 பி.பி.பி. என்பது பாட்டில் கழுத்தில் 0.17 மில்லி காற்று. ஆறு வாரத்தில் ஹாப்ஸ் மணம் போனதற்கு இது போதும்.

இரண்டு எண்களையும் தனித்தனியாக எடுத்ததால் அடுத்து எங்கே பார்ப்பது என்று தெரிகிறது. பீருக்குள் அதிகமாக இருந்தால் டேங்க், பம்ப், பைப், ஃபில்லர் வால்வு. ஹெட்ஸ்பேஸில் அதிகமாக இருந்தால் நிரப்பி முடித்ததற்கும் மூடி விழுவதற்கும் நடுவே உள்ள அந்த ஓரிரு நொடி. மொத்தத்தை மட்டும் சொல்லும் கருவி இந்த வித்தியாசத்தைச் சொல்லாது. ஹேக் ஓர்பிஸ்பியர் 6110, ஆன்டன் பார் டி.பி.ஓ. 5000 போன்ற பெரிய கருவிகளின் அருமையே இதுதான்: குலுக்கத் தேவையில்லாமல் ஹெட்ஸ்பேஸையும் பீரையும் ஒரே குத்தில் அளந்து, ஹெட்ஸ்பேஸ் எத்தனை மில்லி என்பதையும் தாமே கண்டுபிடித்துவிடும்.

உங்கள் ஃபில்லரில் நுரை எழுப்பும் ஜெட்டர் இருக்கிறதா? சன்னமான சூடு தண்ணீர்ப் பீச்சு பாட்டில் வாயில் இறங்கி, நுரையைக் கிளப்பி, அந்த நுரை கழுத்துக் காற்றை வெளியே தள்ள வேண்டும். வழிகிற நுரையின் மேல்தான் மூடி விழ வேண்டும். நுரை மூடிக்கு எட்டாமல் கழுத்தில் பாதியிலேயே நின்றாலும், பெரிய பெரிய குமிழிகளாக இருந்தாலும் காற்று உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். பொடி நுரையாக, பால் மாதிரி ஏற வேண்டும். கேன் நிரப்புகிறவர்களுக்கும் இதே கதைதான், அவர்கள் நுரையின் மேல் நிற்கும் பெரிய குமிழிகளைக் கார்பன் டை ஆக்சைடு ஊதி உடைத்துவிட்டு, மூடிக்கு அடியில் அதே வாயுவைப் பாய்ச்சிக்கொண்டு, மூடியின் விளிம்பை மடித்து மூடும் சீமருக்கு அனுப்புவார்கள்.

பிப்ரவரி 14, காலை 6.45

நேற்று எழுதியதில் ஒரு ஓட்டை. எப்போது அளந்தீர்கள் என்று கேட்காமலே கணக்குப் போட்டுவிட்டேன். மறுநாள் காலையில் அளந்ததாக இப்போது சொல்கிறார்.

அப்படியானால் 185 உண்மையைவிடக் குறைவு. பீர் ஆக்ஸிஜனைத் தின்றுகொண்டே இருக்கும். உயிருள்ள ஈஸ்ட் இருந்தால் இன்னும் வேகமாகத் தின்னும், பாட்டிலைச் சூடாக்கிக் கிருமி கொல்லும் பாஸ்டுரைசரில் போனால் அதைவிட வேகம். ஒரே வரிசையில் அடுத்தடுத்து நிரம்பிய பாட்டில்களை நான் ஒரு தடவை மணிக்கொன்றாக அளந்து பார்த்தேன். காலையில் 150-க்கு மேல் இருந்தது மறுநாள் 60-க்கு வந்துவிட்டது. அந்த 60-ஐப் பார்த்து மகிழ்ந்திருந்தால் கதை முடிந்தது. காணாமல் போன 90 எங்கும் போகவில்லை, பீரின் சுவைக்குள் போய்விட்டது.

உங்கள் 40, 145 பங்கீட்டையும் முழுதாக நம்ப முடியாது. இரவெல்லாம் நிற்கும்போது ஹெட்ஸ்பேஸிலிருந்து கொஞ்சம் பீருக்குள் இறங்கியிருக்கும். அதனால் மூடி விழுந்த பத்து நிமிடத்துக்குள், பாஸ்டுரைசருக்கு முன்னால், லைனிலிருந்து நேராக எடுத்து அளங்கள்.

இதை எழுதும்போது பழைய ப்யூரெட் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது. 10-ம் தேதி அது நைட்ரஜனைப் பிரிக்காது என்று குறையாகச் சொன்னேன். ஆனால் ஆக்ஸிஜனைப் பீர் தின்றுவிடும், நைட்ரஜனைத் தின்னாது. காற்று நுழைந்திருந்தால், நாள் கடந்தும் அதன் நைட்ரஜன் அப்படியே சாட்சியாக நிற்கும். நைட்ரஜனே பயன்படுத்தாத ப்ரூவரியில், ஒரு வாரம் பழைய பாட்டிலில் பெருங்காற்று புகுந்ததா என்று பார்க்க அது இன்றும் உதவும். அந்த நண்பர் கருவியைத் தூக்கிப் போட வேண்டாம்.

பிப்ரவரி 16, இரவு 8.30

கேலிபரேஷன், அதாவது மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று சரிபார்ப்பது. வெறுங்காற்றில் காட்டி 'சரி' என்று வந்ததும் விட்டுவிடுகிறவர்கள் நிறைய. 20 டிகிரியில் காற்றோடு சமநிலையான தண்ணீரில் 9,100 பி.பி.பி. ஆக்ஸிஜன். அந்த உயரத்தில் சரியாக இருக்கும் மீட்டர் 20 பி.பி.பி.-யிலும் சரியாக இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பூஜ்யப் புள்ளியைத்தான் பார்க்க வேண்டும். 99.999 விழுக்காடு நைட்ரஜன் சிலிண்டர் ஒன்றை அதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள அசுத்தம் முழுக்க ஆக்ஸிஜனாகவே இருந்தாலும் தண்ணீரில் அரை பி.பி.பி.-க்கு மேல் தராது.

பூஜ்யத்துக்குக் கைக்குக் கிடைத்த கார்பன் டை ஆக்சைடைப் பயன்படுத்தாதீர்கள். அதில் பத்து லட்சத்தில் 100 பங்கு ஆக்ஸிஜன் இருந்தால், சாதாரண அழுத்தத்தில், 20 டிகிரியில் 4 பி.பி.பி.-க்குச் சமம். மீட்டருக்கு இது சின்னத் தப்பு. டேங்கில்தான் வினை. அதே வாயுவை 0 டிகிரி பீரின் மேல் 2 வளிமண்டல அழுத்தத்தில் வைத்து, சமநிலை வரை விட்டால் 14 பி.பி.பி. ஏறும். பீரைக் காப்பாற்ற ஊதுகிற வாயுவே ஆக்ஸிஜனைக் கொண்டுவரும். சிலிண்டர் மாறும்போது அந்த வாயுவையும் மீட்டரில் ஒரு தடவை காட்டிப் பாருங்கள். பியர்சரில் பாட்டிலிலிருந்து பீரைத் தள்ளும் வாயுவுக்கும் இது பொருந்தும்.

பிப்ரவரி 20, இரவு 10.50

அட்டை வாடையைப் பற்றி ஒரு மறுயோசனை. நான் எல்லாவற்றையும் பாட்டில் ஆக்ஸிஜன் தலையில் கட்டிவிட்டேனோ என்று தோன்றுகிறது.

அந்த வாடைக்குக் காரணமான டிரான்ஸ்-2-நோனினால் என்ற பொருளை 1970-ல் அடையாளம் கண்டார்கள். லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் அளவிலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும், அவ்வளவு வீரியம். ஆனால் அதற்கான விதை பெரும்பாலும் மால்ட்டிலும் (முளைகட்டிய தானியம்) காய்ச்சும் கட்டத்திலும் விழுகிறது. பாட்டிலில் ஆக்ஸிஜனை எவ்வளவு குறைத்தாலும், சூடான இடத்தில் வைத்த பீரில் அது மெல்ல வெளிவரும். ஹாப்ஸ் மணம் போவதும் நிறம் கருப்பதும் பாட்டில் ஆக்ஸிஜனோடு நேரடியாகச் சேர்ந்தவை, அவற்றில் முன்பு சொன்னதையே சொல்கிறேன். அட்டை வாடையில் மட்டும் கிடங்கின் வெப்பத்தையும் பாருங்கள். ஒரே நாளில் நிரம்பிய பாட்டில்களில் சிலவற்றை 4 டிகிரியிலும் சிலவற்றை 30 டிகிரியிலும் வைத்து, வாராவாரம் முகர்ந்து எழுதுங்கள். எது எதனால் என்பது ஒரு மாதத்தில் பிரிந்துவிடும். மீட்டரோடு மூக்கையும் வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், மூன்று குவளையில் வேறுபட்ட ஒன்றைக் கண்டுபிடிக்கச் சொல்லும் சோதனைக்குச் செலவே கிடையாது.

மூடியையும் மறந்துவிட்டேன். க்ரவுன் மூடியின் உள்படலம் வழியாக நாள்பட நாள்பட ஆக்ஸிஜன் கொஞ்சம் கொஞ்சமாக வரும். ஆக்ஸிஜனை உறிஞ்சும் படலம் வைத்த மூடிகள் இருக்கின்றன. கேனுக்கு அந்தக் கவலை கிடையாது, சீம் சரியாக விழுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிப்ரவரி 24, காலை 7.20

புது எண்கள் வந்திருக்கின்றன, இந்தத் தடவை பத்து நிமிடத்துக்குள் அளந்தவை, எல்லாம் 4 டிகிரி. டேங்கில் 22. பாட்டிலில் குலுக்காமல் 35, குலுக்கியபின் 160. மொத்தம் 320. ஹெட்ஸ்பேஸில் மட்டும் 285. அன்றைக்கு 185 என்று பார்த்ததன் உண்மை முகம் இது.

ஜெட்டரின் முனை பாதி அடைத்திருந்ததாம். சுத்தம் செய்து அழுத்தத்தைச் சரிசெய்ததும், குலுக்கியபின் 48, மொத்தம் 97, ஹெட்ஸ்பேஸ் 62. ஒரு முனையைக் குத்திச் சுத்தம் செய்ததில் 220 பி.பி.பி. போயிருக்கிறது! இதைப் படித்ததும் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

ஆனால் இது எந்தத் தலையில் நிரம்பிய பாட்டில்? 12 தலை இருக்கிறது. ஒவ்வொரு தலையிலிருந்தும் ஒரு பாட்டில், தலை எண்ணை மூடியில் எழுதி, ஒரு முழுச் சுற்று எடுங்கள். குலுக்காமல் ஒரு சுற்று, குலுக்கி ஒரு சுற்று, மொத்தம் 24 பாட்டில்.

பிப்ரவரி 27, இரவு 9.15

11 தலையில் எல்லாம் ஒன்றுபோல. 7-ம் தலையில் மட்டும் குலுக்காமல் 95, குலுக்கியபின் 78. குலுக்கியபின் எப்படிக் குறையும் என்று திகைத்துப் போயிருக்கிறார். சரியான எண்தான். பீரில் நிறைய இருந்து ஹெட்ஸ்பேஸில் குறைவாக இருந்தால், குலுக்கும்போது ஆக்ஸிஜன் மேலே ஏறும், பீரில் இறங்கும். மொத்தம் 157. பீரில் 95 போக ஹெட்ஸ்பேஸில் 62, மற்ற தலைகளில் இருப்பது போலவே. அதனால் நுரையில் கோளாறில்லை. பீர் பாட்டிலுக்குள் இறங்கும்போதே காற்றைச் சந்தித்திருக்கிறது. பாட்டில் வாயில் உட்காரும் ரப்பரைப் பாருங்கள், அது கசிந்தால் நிரப்புவதற்கு முன்னால் பாட்டிலில் இருந்து காற்றை உறிஞ்சும் வேலை முழுதாக நடக்காது.

பெரிய கருவி வாங்கலாமா என்ற முதல் கேள்விக்கு இப்போது பதில் சொல்ல முடியும். வாரத்துக்கு ஒரு நாள் நிரப்புகிற உங்களுக்கு, கையில் இருக்கும் மீட்டரும் ஒரு ஷேக்கரும் நைட்ரஜன் சிலிண்டரும் போதும். தினமும் நிரப்ப ஆரம்பித்தால், 24 பாட்டிலைக் குலுக்கி அளக்க ஆளும் நேரமும் இருக்காது, அப்போது வாங்குங்கள்.

பிப்ரவரி 28, மாலை 6.05

7-ம் தலை ரப்பர் வெட்டுப்பட்டிருந்ததாம். மாற்றியபின் குலுக்காமல் 36. மிச்சமிருக்கும் 62-ஐக் குறைக்க ஜெட்டரின் பீச்சு பாட்டில் வாய்க்கு நடுவில் விழுகிறதா என்று அடுத்த நிரப்பலில் பாருங்கள், எண்களை இங்கேயே போடுங்கள்.